பயிற்சி வகுப்புக்குத் தற்காலிகக் கணிப்பொறி வலையமைப்பு

ஊராட்சிகளின் திட்டமிடலும் கணக்கு வைப்பும் இன்று கணிப்பொறியைச் சார்ந்துள்ளன. இதற்கென மத்திய அரசு 2020 ஏப்ரல் 24 அன்று இ-கிராம் ஸ்வராஜ் தளத்தைத் தொடங்கியது. ஆயினும் தளம் இருப்பது மட்டும் போதாது. அதனைக் கையாளும் ஊராட்சிச் செயலாளர்களுக்குப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சி விளக்கப் படங்களைப் பார்ப்பதால் கிட்டுவதன்று. தம் கையால் பதிவு செய்து, தவறு நேர்ந்தால் திருத்திப் பழகுவதாலேயே கிட்டும். வகுப்பின் நடுவே இணைய இணைப்பு அறுந்தால், செய்முறைப் பயிற்சி வெறும் சொற்பொழிவாகிவிடுகிறது. பயணப்படியும் பணிநாட்களும் வீணாகின்றன.

இணையம் வேறு, வலையமைப்பு வேறு

ஓர் அறையிலுள்ள கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்க இணையம் தேவையில்லை. இவ்வேறுபாட்டை உணர்வதே திட்டமிடலின் முதற்படியாகும். இருபது பேர் ஒவ்வொருவரும் 200 மெகாபைட் அளவுள்ள பாடக் கோப்பைப் பெறுவதாகக் கொள்வோம். வினாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பை அனைவரும் பகிர்ந்தால், இதற்கு ஏறத்தாழ 53 நிமிடங்கள் ஆகும். அக்கோப்பை அறையிலுள்ள ஒரு கணிப்பொறியில் முன்னரே வைத்து, வினாடிக்கு 1,000 மெகாபிட் வேகமுள்ள சுவிட்ச் வழியாக வழங்கினால், ஓரிரு நிமிடங்களே போதும்.

அமைக்கும் முறை

இருபது பயிற்சியாளர்கள், ஆசிரியர், வழங்கி ஆகியவற்றுக்கு 22 இணைப்புகள் தேவை. எனவே 24 முனைகள் கொண்ட ஒரு சுவிட்ச் போதுமானது. நல்ல லேப்டாப் ஒன்றையே வழங்கியாகப் பயன்படுத்தலாம். மென்பொருளின் பயிற்சிப் படி, மாதிரிக் கணக்குகள், பாடக் குறிப்புகள் ஆகியவை அதில் இடம்பெறவேண்டும். சுவிட்சிலிருந்து கணிப்பொறி வரையிலான கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டலாகாது. நடைபாதையின் குறுக்கே கிடக்கும் கேபிள்களை நாடாவால் ஒட்டிவிடுதல் நலம்.

வீடுகளுக்குக் கதவு எண் போல, ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஒரு முகவரி வேண்டும். தனி வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டுள்ள எண்களில், வழங்கிக்கு 192.168.10.1 எனவும், பயிற்சியாளர்களுக்கு 192.168.10.101 முதல் 120 வரையும் கொடுக்கலாம். முகவரியைத் தானாக வழங்கும் பணியை ஒரே கருவியிடம் ஒப்படைக்க வேண்டும். மற்றொரு ரவுட்டரும் இதே பணியைச் செய்யத் தொடங்கினால் சில கணிப்பொறிகள் வழங்கியைக் காணாமல் தவிக்கும்.

மின்சாரம்

பலர் மறப்பது இதுவே. 65 வாட் மின்னேற்றியுடைய இருபது லேப்டாப்புகளுக்கு 1,300 வாட் வரை தேவைப்படலாம். 230 வோல்ட் மின்னழுத்தத்தில் 5 ஆம்பியர் முனை ஒன்று தாங்கக்கூடியது 1,150 வாட் மட்டுமே. ஆகவே சுமையை இரண்டு மூன்று மின்சுற்றுகளாகப் பிரித்தல் இன்றியமையாதது. லேப்டாப்புகளில் மின்கலம் உண்டு, சுவிட்சுக்கு இல்லை. மின்தடை நேர்ந்தால் வகுப்பு நின்றுவிடாதிருக்க, அதற்கும் ஒரு சிறிய யு.பி.எஸ். வேண்டும்.

தரவுப் பாதுகாப்பு

பயிற்சிக்கு உண்மையான பயனாளிகளின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைப் பயன்படுத்தலாகாது. தனிநபர் தரவைக் கையாள்வோரின் கடமைகளை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரையறுத்துள்ளது. கற்பனைப் பெயர்களுடன் கூடிய மாதிரிக் கணக்குகளே போதும். பயிற்சி முடிந்ததும் பதிவுகளை அழித்து, கருவிகளை எண்ணிப் பட்டியலுடன் ஒப்பிடவேண்டும்.

செலவும் பயனும்

இக்கருவிகள் அனைத்தும் ஓரிரு பெட்டிகளில் அடங்குவன. ஒவ்வொரு வட்டாரத்திலும் நிலையான கணிப்பொறிக்கூடம் அமைத்தால் அது ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்க நேரலாம். மாவட்டத்துக்கு ஒரு தொகுதி வாங்கி, வட்டாரம் வட்டாரமாகக் கொண்டு சென்றால், அதே மூலதனம் பல வகுப்புகளுக்குப் பயன்படும். வகுப்பு முடியும்போது ஒவ்வொரு செயலாளரும் பிறர் உதவியின்றி ஒரு வரவையும் ஒரு செலவையும் பதிந்து கணக்கை முடித்தாரா என்பதே பயிற்சியின் உரைகல்லாகும்.