எட்டு மணி நேர வேலை வந்த கதை: ஜம்ஷெட்பூர் இரும்பாலை தரும் பாடம்



கொழுந்து ஏற்றிப் போகும் லொறியிலும் டவுனுக்கு ஓடும் பஸ்ஸிலும் "டாட்டா" என்ற பெயரை நாம் பார்த்திருக்கிறோம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளைகூட அதை வாசித்துவிடும். "அது யாருப்பா டாட்டா? லொறிக்காரர் பேரா?" என்று கேட்கிற பிள்ளையும் உண்டு. அது இந்தியாவில் ஒரு குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பம் லொறி செய்யத் தொடங்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே இரும்பு உருக்கத் தொடங்கிவிட்டது. அந்த இரும்பாலையின் கதைதான் இம்மாதப் பாடம்.

"இரும்புக்கும் தேயிலைக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சேமலாப நிதி, பிரசவச் சகாயம், சேவைக்காலப் பணம் என்று இன்று நாம் பேசுகிற பல உரிமைகள், சட்டம் வருவதற்கு முன்பே அந்த ஆலையில் வந்துவிட்டன. அவை எப்படி வந்தன? முதலாளி மனமிரங்கிக் கொடுத்தாரா, தொழிலாளி கேட்டு வாங்கினாரா? இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காட்டுக்குள் ஓர் ஆலை

ஜம்ஷெட்ஜி டாட்டா 1839இல் குஜராத்தின் நவ்சாரி என்னும் ஊரில் பிறந்த பார்சிக்காரர். பஞ்சாலை நடத்திப் பேர் எடுத்தவர். 1877இல் நாக்பூரில் அவர் தொடங்கிய எம்பிரஸ் மில்லில் 1886இல் ஓய்வூதிய நிதியும், 1895இல் விபத்து நட்டஈடும் ஏற்பட்டன.

இந்தியாவிலேயே இரும்பு உருக்க வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை. 1902இல் வெளிநாட்டிலிருந்து மகன் தொராப்ஜிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆலையோடு வரப்போகும் ஊரின் வீதிகள் அகலமாக, நிழல் மரங்களோடு இருக்க வேண்டும். பூங்காவும் விளையாட்டு மைதானமும் வேண்டும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார். ஆலைக்கு இடம்கூடப் பார்த்து முடியாத காலத்தில் அவர் தொழிலாளி குடியிருக்கும் ஊரைப் பற்றி யோசித்தார். லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்த நமக்கு இதன் அருமை நன்றாகவே விளங்கும்.

ஆலையைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1904இல் காலமானார். அதே வருடம் பி. என். போஸ் என்னும் மண்ணியல் நிபுணர், மயூர்பஞ்ச் மலைகளில் நல்ல இரும்புத்தாது கிடக்கிறது என்று அறிவித்தார். தகப்பனாரின் வேலையை மகன் தொராப்ஜி ஏற்றுக்கொண்டார். லண்டனில் பணம் திரட்டப் பார்த்தார்கள், கைகூடவில்லை. பிறகு இந்திய மக்களிடமே பங்கு விற்றார்கள். மூன்று வாரத்தில் சுமார் 8,000 பேர் வாங்கி முழு முதலையும் தந்துவிட்டார்கள். 1907 ஓகஸ்ட் 26ஆம் திகதி கம்பனி பதிவாயிற்று.

சுபர்ணரேகா, கர்காய் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் சாக்சி என்றொரு சிறு கிராமம். அந்த வட்டாரத்தில் ஹோ, சந்தால், பூமிஜ் முதலிய ஆதிவாசி மக்கள் வாழ்ந்தார்கள். அங்கேதான் காடு வெட்டி, மண் சுமந்து ஆலை கட்டினார்கள். நம் பாட்டன் பூட்டன்மார் காடு வெட்டிக் கோப்பியும் தேயிலையும் போட்டது போன்ற பாடுதான்.

அந்தக் காலத்து ரயில்வே பெரிய அதிகாரி ஒருவர், ஃபிரெடரிக் அப்கொட் என்ற வெள்ளைக்காரர், பரிகாசம் செய்தாராம்: டாட்டாக்கள் தரமான தண்டவாளம் செய்தால், அதில் ஒவ்வொரு இறாத்தலையும் தானே தின்றுவிடுவதாக! 1912 பெப்ரவரி 16ஆம் திகதி அங்கே முதல் உருக்கு வெளிவந்தது. முதலாம் உலக யுத்தத்தில் மெசபொட்டேமியாவுக்கு 1,500 மைல் நீளத்துக்குத் தண்டவாளம் அனுப்பியது அதே ஆலைதான். யுத்தம் முடிந்ததும், 1919இல், சாக்சிக்கு ஜம்ஷெட்பூர் என்று பெயர் வைத்தார்கள். இன்று அந்த ஊர் ஜார்கண்ட் மாநிலத்தில் இருக்கிறது.

சட்டத்துக்கு முந்திய சலுகைகள்

இனி இந்த வருடக் கணக்கைக் கவனமாகப் பாருங்கள். முதலில் இருப்பது அந்த ஆலையில் வந்த வருடம்; அடுத்தது அதற்கு இந்தியாவில் சட்டம் வந்த வருடம்.

8 மணி நேர வேலை: 1912 – 1948
இலவச வைத்தியம்: 1915 – 1948
சம்பளத்துடன் லீவு: 1920 – 1948
விபத்து நட்டஈடு: 1920 – 1923
சேமலாப நிதி: 1920 – 1952
பிரசவச் சகாயம்: 1928 – 1961
இலாபத்தில் போனஸ்: 1934 – 1965
சேவைக்காலப் பணம்: 1937 – 1972

பிரசவச் சகாயத்துக்குச் சில மாகாணங்களில் முன்பே சட்டம் இருந்தது. 1961 என்பது நாடு முழுமைக்குமான சட்டம். நம் நாட்டில் பிரசவச் சகாயச் சட்டம் 1939இலும், ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இலும், சேவைக்காலப் பணத்துக்கான சட்டம் 1983இலும் வந்தன.

இந்தக் கணக்கைப் பார்த்ததும், "முதலாளி நல்லவரா இருந்தா எல்லாம் தானா வரும்" என்று சொல்லத் தோன்றும். நம் லயங்களிலும் இந்தப் பேச்சு உண்டு. "அந்தத் துரை இருந்தப்ப கூரைத் தகரம் மாத்திக் குடுத்தாரு, பிள்ளை மடுவத்துக்குப் பால் குடுத்தாரு" என்று ஆச்சிமார் இன்றும் சொல்வார்கள். சரி, அந்தத் துரை மாற்றலாகிப் போன பிறகு என்ன நடந்தது என்று கேட்டால், ஆச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டு பேசாமல் இருப்பார்!

கணக்கில் எழுதாத வருடங்கள்

ஜம்ஷெட்பூருக்கு இன்னொரு வருடக் கணக்கும் உண்டு. அதையும் படித்தால்தான் பாடம் முழுமையாகும்.

யுத்தத்தால் அரிசி விலையும் துணி விலையும் ஏறின. சம்பளம் அதற்கு ஈடாக ஏறவில்லை. 1920 பெப்ரவரியில் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மார்ச் மாதம் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர் உயிர் போயிற்று. அந்தப் போராட்டத்தின் நடுவில்தான் ஜம்ஷெட்பூர் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சேமலாப நிதி, சம்பளத்துடன் லீவு, விபத்து நட்டஈடு ஆகிய மூன்றுக்கும் மேலே என்ன வருடம் போட்டிருக்கிறது? அதே 1920! ஒரு பக்கம் தொலைநோக்கு உள்ள நிர்வாகம், மறுபக்கம் கூட்டாக எழுந்து நின்ற தொழிலாளர். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1922இல் மறுபடியும் வேலைநிறுத்தம். ஏறக்குறைய ஒரு மாதம் நீடித்தது. அதற்குப் பிறகும் கம்பனி சங்கத்தை ஏற்கவில்லை. சங்கச் செயலாளரை வேலையிலிருந்து நீக்கியது. கம்பனிக்கும் அது கஷ்ட காலம். வெளிநாட்டு இரும்பு மலிவாக வந்து குவிந்தது. 1924இல் தொராப்ஜி தம் சொந்தச் சொத்தையும் மனைவியின் வைரத்தையும் ஈடு வைத்துக் கடன் வாங்கினார். அதே வருடம் வெளிநாட்டு உருக்குக்கு வரி போட்டு அரசாங்கம் ஆலையைக் காப்பாற்றியது.

1925 ஓகஸ்டில் காந்தியடிகள் ஜம்ஷெட்பூர் வந்தார். அப்போது சங்கத்தின் தலைவர் சி. எஃப். ஆண்ட்ரூஸ், கூலி ஒப்பந்த முறையை எதிர்த்துப் பிஜித் தீவு வரை போய் நம்மவர்களுக்காக உழைத்த அதே ஆண்ட்ரூஸ்தான். பேச்சுவார்த்தையில் கம்பனி மூன்று விஷயங்களுக்கு இணங்கியது. சங்கத்தை ஏற்றுக்கொண்டது. நீக்கிய செயலாளரை மீண்டும் வேலைக்கு எடுத்தது. சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் கழித்துத் தர ஒப்புக்கொண்டது. நம் செக்ரோலில் சந்தா கழிபடும் முறையை அறிந்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும். நம் மலைநாட்டில் கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்தது 1931இல்.

1928இல் ஆட்குறைப்புப் பிரச்சினை வந்தது. வேலைநிறுத்தமும் கதவடைப்புமாக மாதக்கணக்கில் இழுபட்டது. சுபாஸ் சந்திர போஸ் தலையிட்டு, செப்டெம்பரில் ஓர் இணக்கம் செய்தார். அந்த இணக்கம் போதாது என்று ஒரு பகுதியினர் மாணெக் ஹோமி என்பவரின் தலைமையில் தனிச் சங்கம் கட்டினார்கள். ஓர் ஆலைக்குள் இரண்டு சங்கம்! தொழிலாளர் தங்களுக்குள்ளே மோதிக்கொண்டார்கள். இரண்டு சங்கமும் மெலிந்தன. இதற்கு நாம் விளக்கம் எழுதத் தேவையில்லை. படிக்கிற உங்களுக்கே நம் தோட்டத்து நினைவு வரும்.

வாய்ச் சொல்லும் எழுத்தும்

1937இல் சங்கம் டாட்டா தொழிலாளர் சங்கம் என்று பெயர் மாறியது. அப்துல் பாரி என்பவர் தலைவரானார். நாளடைவில் சங்கமும் நிர்வாகமும் ஒரே மேசையில் உட்காரப் பழகின. 1956 ஜனவரியில் ஒரு பெரிய ஒப்பந்தம் எழுதப்பட்டது. புதிய இயந்திரம் வந்தால் தொழிலாளியை வேறு வேலைக்கு மாற்றலாம்; ஆனால் அதைக் காரணம் காட்டி, இருப்பவரை வீட்டுக்கு அனுப்பக்கூடாது. இது அதில் ஒரு முக்கியமான விஷயம். ஆலை விஷயங்களைப் பேச இரு தரப்பும் சேர்ந்த கூட்டுச் சபைகள் மூன்று படியாக ஏற்பட்டன. ஒப்பந்தம் வந்ததும் எல்லாம் அடங்கிவிடவில்லை. 1958இல் வேறொரு சங்கம் அங்கே வேலைநிறுத்தம் நடத்தியது. ஆனால் பேசித் தீர்க்க ஒரு நிரந்தர இடம் இருந்தது. அதுதான் பெரிய வித்தியாசம்.

2021இல் கொரோனா நோய் பரவியபோது, அந்தக் கம்பனி ஓர் அறிவித்தல் செய்தது. நோயால் ஊழியர் இறந்தால், அவர் உயிரோடு இருந்திருந்தால் 60 வயதாகும் நாள் வரை அவருடைய கடைசிச் சம்பளம் குடும்பத்துக்குக் கிடைக்கும். வீடும் வைத்திய வசதியும் தொடரும். இது பாராட்ட வேண்டிய காரியம்.

பெயர் இல்லாதவர்கள்

ஆனால் இந்த நன்மையெல்லாம் யாருக்கு? ஆலையின் பதிவில் பெயர் உள்ளவருக்கு.

1990களின் தொடக்கத்தில் கம்பனியில் சுமார் 78,000 பேர் வேலை செய்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அது ஏறக்குறைய பாதியாயிற்று. முன்கூட்டியே விலகியவர்களுக்கு மாதாமாதம் பணம் தரும் திட்டம் இருந்தது; அதனால் பெரிய கலவரம் இல்லை. ஆனால் அவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வேலை இல்லை. ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்கிறவர்களுக்கு நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள வீடு, சம்பளம், பாதுகாப்பு கிடையாது. நம் பாஷையில் சொன்னால் இது கொந்தரப்பு வேலை.

பெண்களையும் மறக்கக்கூடாது. ஆரம்ப காலத்தில் தலையில் மண்ணும் கல்லும் சுமந்த ஆதிவாசிப் பெண்களை "ரேஜா" என்று அழைத்தார்கள். ஆலையின் சரித்திரத்தில் அவர்களுடைய பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2000களில்தான் அப்படிச் சுமை தூக்கிய சில பெண்களுக்குக் கனரக வாகனம் ஓட்டப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் நன்றாகவே ஓட்டிக் காட்டினார்கள்.

நிலம் கொடுத்தவர்களின் கதை இன்னும் கசப்பானது. 2006 ஜனவரி 2ஆம் திகதி, ஒடிசா மாநிலத்தின் கலிங்கநகரில் இதே கம்பனியின் புதிய ஆலைக்கு மதில் கட்டத் தொடங்கியபோது, ஆதிவாசி மக்கள் எதிர்த்தார்கள். பொலிஸார் சுட்டதில் பன்னிரண்டு பேருக்கும் மேல் இறந்தார்கள். ஒரு பொலிஸ்காரரும் கொல்லப்பட்டார். ஊரே புகழும் கம்பனியின் வாசலிலும் இப்படி நடந்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். ஜம்ஷெட்பூரில் பிள்ளையும் அழுதது, தாய்க்கும் மனம் இருந்தது. இரண்டும் இருந்ததால் நன்மை வந்தது. ஆனால் வந்த நன்மை நிலைத்து நின்றதற்குக் காரணம், அது எழுத்தில் ஏறியதுதான். முதலில் கம்பனி விதியில், பிறகு ஒப்பந்தத்தில், கடைசியில் சட்டத்தில். நல்ல துரை மாற்றலாகிப் போவார். எழுதிய கடதாசி போகாது. அந்தக் கடதாசியில் நம் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் நம் பொறுப்பு.

ஆகவே இந்த மாதம் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். சம்பளச் சீட்டை எடுத்து, படித்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். சேமலாப நிதிக்கு உங்கள் பங்காக நூற்றுக்கு 8 வீதமாவது கழிக்கப்பட்டிருக்கிறதா? தோட்டம் தன் பங்காக 12 வீதமாவது கட்டியிருக்கிறதா? பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியா? நீங்கள் இல்லாத காலத்தில் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? அடையாள அட்டையில் "ராமாயி" என்றும் செக்ரோலில் "ராமாய்" என்றும் இருந்தால், அந்த ஓர் எழுத்துக்காகப் பிற்காலத்தில் எத்தனை தடவை பஸ் ஏற வேண்டிவரும்! இன்றைக்கே சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.

கலந்து பேச சில கேள்விகள்

1. ஜம்ஷெட்பூரில் சட்டம் வருவதற்கு முன்பே கிடைத்த நன்மைகள் எவை? நான்கைச் சொல்லுங்கள்.
2. 1920ஆம் வருடம் ஏன் முக்கியமானது?
3. 1928க்குப் பிறகு சங்கம் மெலிந்தது எதனால்?
4. உங்கள் தோட்டத்தில் கொந்தரப்பிலும் கைக்காசுக்கும் வேலை செய்கிறவர்களுக்கு எந்த எந்த நன்மைகள் கிடைப்பதில்லை?
5. "துரை சொன்னாரு" என்று மட்டும் இருந்து, எழுத்தில் இல்லாத வாக்குறுதி உங்கள் தோட்டத்தில் ஏதாவது உண்டா? அதை எழுத்தில் கொண்டுவர யாரிடம் பேச வேண்டும்?

மாதர் சங்கத்திலோ வாசிகசாலையிலோ ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம். வாசிக்கத் தெரியாத பெரியவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். எழுத்தில் இல்லாத பழைய கணக்கெல்லாம் அவர்கள் ஞாபகத்தில்தான் இருக்கிறது.