இதயம் எங்கே இருக்கிறது? கை வைத்துக் காட்டுங்கள்!

படிப்பதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். உங்கள் இதயம் எங்கே இருக்கிறது? கை வைத்துக் காட்டுங்கள், பார்க்கலாம்.

இடது மார்பில் வைத்தீர்களா? கொத்தமங்கலத்துத் திண்ணைகளில் உட்கார்ந்து நான் கேட்டால், அநேகமாக எல்லோரும் அங்கேதான் வைக்கிறார்கள். சினிமாக் கதாநாயகன் கை வைக்கிற இடம்! உண்மையில் இதயம் மார்பின் நடுவில், நெஞ்செலும்புக்குப் பின்னால், இடப்பக்கம் சற்றுச் சாய்ந்து இருக்கிறது. அவரவர் மூடிய கை அளவுதான். அது உட்கார்ந்திருப்பது உதரவிதானம் என்ற தசைத் திரையின் மேல். அந்தத் திரைக்குக் கீழே இரைப்பை.

இது தெரியாததால்தான் வினை. மாரடைப்பு வலி சிலருக்கு நெஞ்சுக்குழியில் வரும். தாடை, தோள், கை, முதுகு என்றும் பரவும். இதயத்திலிருந்து வரும் நரம்புகளும் இந்த இடங்களின் நரம்புகளும் உள்ளே பக்கத்துப் பக்கத்தில் போய்ச் சேர்வதால், வலி எங்கிருந்து வருகிறது என்று மூளைக்கே குழம்பிவிடுகிறது. நாமோ, "வாயுதான் தம்பி, ஓமத்தண்ணி குடிச்சாச் சரியாப் போயிடும்" என்று ஆச்சி சொல்வதைக் கேட்டு விடியும்வரை காத்திருக்கிறோம். அதற்குள் இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கும்.

ஓமமும் சுக்கும் எழுதிக் கொடுக்கிற சித்த வைத்தியன்தான் நானும். ஆனாலும் சொல்கிறேன்: நெஞ்சுக்குழி வலியோடு குப்பென்று வியர்த்தாலோ, மூச்சு முட்டினாலோ கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஈ.சி.ஜி. எடுத்த பிறகு வாயுவைப் பற்றிப் பேசலாம். சர்க்கரைக்காரர்களுக்கு வலியே தெரியாமலும் மாரடைப்பு வரும். பெண்களுக்கு வெறும் அசதி, குமட்டல் என்றும் காட்டும்.

இடுப்பு வலித்தால் "கிட்னி போச்சு" என்று பதறுவதும் இதே கதைதான். சிறுநீரகம் இடுப்பில் இல்லை. முதுகுப்பக்கம், கடைசி விலா எலும்புகளை ஒட்டி இருக்கிறது. குனிந்து நிமிர்ந்தால் பிடிக்கிற இடுப்புவலி பெரும்பாலும் தசைப்பிடிப்புதான்.

உடற்கூறு என்றால் வைத்தியர்களுக்கு மட்டும் உரிய ரகசியமா என்ன? 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். சித்த மருத்துவக் கல்லூரியிலும் நாங்கள் பிரேதத்தை அறுத்துப் பார்த்துத்தான் படித்தோம். கற்றதைத் திண்ணை வரைக்கும் கொண்டு வந்தவர்கள்தான் குறைவு.

இப்போது அதற்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதலாண்டிலேயே கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துப் போய்ப் பார்க்கும் திட்டத்தை 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்தது. உடற்கூறு படிப்பதும் அதே முதலாண்டில்தான். அவர்கள் அறுத்துப் படிக்கும் உடல்களில் பல, நம்மைப் போன்ற குடும்பங்கள் தானமாகக் கொடுத்தவை. ஆகையால் கூச்சமே வேண்டாம். அந்தப் பிள்ளைகள் உங்கள் வீட்டுக்கு வந்தால் பி.பி. பார்த்ததோடு அனுப்பிவிடாதீர்கள். காப்பி கொடுத்து உட்கார வையுங்கள். "பித்தப்பையில கல்லுங்கிறாங்களே, அது எங்கே இருக்கு? படம் போட்டுக் காட்டுப்பா" என்று கேளுங்கள்.