சிறு உலோக வேலைக்கு ஏற்ற கருவி எது?

ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியின் நாள் விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. பெரட்டு முடிந்து, மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, நிறுவைக்குக் கொடுத்து வீடு திரும்பியபின் பிற்பகலில் சிறிது ஓய்வு கிடைக்கிறது. அந்த ஓய்வு நேரத்தில் கைத்தொழில் ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும் என்னும் ஆர்வம் பீடோர் வட்டாரத் தோழர்கள் பலரிடம் காணப்படுகிறது. உடைந்த தள்ளுவண்டியைச் சீர் செய்வது, பூந்தொட்டிக்கு இரும்புத் தாங்கி அமைப்பது, பித்தளை விளக்கின் விரிசலை அடைப்பது போன்ற வேலைகளை அவர்கள் விரும்புகின்றனர். தோட்டங்களுக்குச் சென்று வரும்போது நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் வினாவும் இதுவே: “கேஸ் வாங்குவதா, கரண்டு மிஷின் வாங்குவதா?”

இவ்வினாவிற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. தவறான கருவியை வாங்கினால் பல மாதச் சேமிப்பு வீணாகும். சரியான கருவியையே வாங்கினாலும், பயன்படுத்தும் முறை தெரியாவிட்டால் கண்ணும் வீடும் ஆபத்துக்குள்ளாகும். ஆகவே, முதலில் அடிப்படையை அறிந்து, பின்னர் கருவியைத் தெரிவு செய்யும் முறையைக் காண்போம்.

1. பற்றவைத்தலும் உருக்கி ஒட்டுதலும்

உலோகத் துண்டுகள் இரண்டை வெப்பத்தால் இணைக்கும் முறைகளை இருவகையாகப் பிரிக்கலாம். முதலாவது பற்றவைத்தல். இதில் இணைக்கப்படும் துண்டுகள் உருகுவதில்லை. அவற்றைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் வேறோர் உலோகம் இடுக்கில் பாய்ந்து, உறைந்து, பிடித்துக்கொள்கிறது. நம் தட்டார்கள் பற்றாசும் வெண்காரமும் வைத்து ஊதுகுழலால் நகைகளை இணைப்பது இம்முறைப்படியே. இரண்டாவது வெல்டிங். இதில் இரு துண்டுகளின் விளிம்புகளும் உருகிக் கலந்து ஒன்றாகிவிடுகின்றன.

பற்றவைத்தலிலும் இரு பிரிவுகள் உண்டு. இணைக்கும் உலோகம் 450 பாகை செல்சியஸுக்குக் கீழ் உருகுமானால் அது மென்பற்று. அதற்கு மேல் உருகுமானால் அது வன்பற்று. மென்பற்றுக்கு முக்கியமானது வெள்ளீயம். நம் பேராக் மாநிலம் ஒரு காலத்தில் உலகுக்கே வழங்கிய பொருள் இது. 1938ஆம் ஆண்டில் கட்டப்பட்டு 1982 வரை ஈயம் தோண்டிய மிதவை இயந்திரம் ஒன்று தஞ்சோங் துவாலாங்கிற்கு அருகில் இன்றும் காட்சிப் பொருளாக நிற்கிறது. வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு சுமார் 183 பாகையிலேயே உருகத் தொடங்கும். மின்கம்பிகளை இணைக்க அது போதும். ஆனால் பாரம் தாங்காது. மேலும், காரீயம் நஞ்சாதலின், உணவுப் பாத்திரங்களிலும் குடிநீர்க் குழாய்களிலும் அதனைப் பயன்படுத்தலாகாது.

வன்பற்று மிகவும் உறுதியானது. பால்வாளிகளைச் சுமந்து சென்ற பழைய மிதிவண்டிகளை நினைத்துப் பாருங்கள். அவற்றின் சட்டக் குழாய்கள் பூண்களில் செருகப்பட்டுப் பித்தளையால் பற்றவைக்கப்பட்டவை. எத்தனை ஆண்டுகள் எத்தனை பாரத்தைத் தாங்கின!

2. சுடர்க் கருவிகள்

வன்பற்றுக்குத் தேவையானது சுடர். கைக்கு அடக்கமான வாயுக் குப்பியின் மீது பொருத்தும் ஊதுவிளக்கே இவ்வகையில் எளியது. மெல்லிய செம்புக் குழாய், சிறிய பித்தளைப் பொருள், மெல்லிய இரும்புக் கம்பி ஆகியவற்றிற்கு இது பொருந்தும்.

ஆனால் புதியவர்கள் பலர் இங்கே ஒன்றை மறந்துவிடுகின்றனர். சுடரின் வெப்பநிலை வேறு, அது தரும் வெப்பத்தின் அளவு வேறு. ஒரு கரண்டி வெந்நீரால் ஒரு தோம்புத் தண்ணீரைச் சூடாக்க இயலாது அல்லவா? அதுபோலவே, சிறிய ஊதுவிளக்கால் தடித்த இரும்பைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாக்க இயலாது. வெப்பத்தை வீணாக்காமலிருக்க, தீச்செங்கல் சிலவற்றை மூன்று பக்கமும் அடுக்கி, அதனுள் பொருளை வைத்துச் சூடாக்க வேண்டும். பெரிய ஊதுவிளக்கு வாங்குவதைவிட இச்செங்கற்கள் பயன் மிக்கவை.

பற்றவைக்கும்போது மூன்று விதிகளை நினைவிற்கொள்க. இணையும் பரப்பு பளபளக்கும்வரை தேய்க்கப்பட வேண்டும். இடுக்கு, ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்க வேண்டும். அதிகமானால் உருகிய உலோகம் உள்ளே இழுக்கப்படாது. பற்றுக்கம்பியைச் சுடரால் உருக்கக் கூடாது. சூடான பொருளே அதனை உருக்க வேண்டும். வெள்ளி கலந்த பற்றுக்கம்பி பெரும்பாலும் 600 முதல் 700 பாகைக்குள் உருகும். பித்தளைக் கம்பிக்குச் சுமார் 900 பாகை தேவைப்படும். காட்மியம் கலந்த வெள்ளிக் கம்பியைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அதன் புகை நுரையீரலுக்குக் கொடிய நஞ்சாகும். காட்மியம் இல்லாதது என்று உறையில் குறிப்பிட்டிருப்பதைப் பார்த்தே வாங்குக.

சமையல் வாயுத் தோம்பில் பொருத்தியுள்ள அழுத்தக் குறைப்பானைக் கழற்றி ஊதுவிளக்குக்கு மாட்டுவது தவறு. அடுப்புக்கும் ஊதுவிளக்குக்கும் வேண்டிய அழுத்தம் வேறு. அதற்கென உள்ள குறைப்பானும் குழாயும் இல்லாமல் அம்முயற்சியில் இறங்கலாகாது. சமையல் வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து தாழ்வான இடத்தில் தங்கும் என்பதையும் அறிக.

ஆக்சிஜனும் அசிட்டிலீனும் சேர்ந்த சுடர் 3,000 பாகைக்கு மேல் வெப்பம் தரும். எனினும், வரிசை வீடுகளில் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளத் தக்க கருவி அதுவன்று. ஆக்சிஜன் வால்வில் எண்ணெய்ப் பிசுக்கு பட்டாலே தீப்பற்றக்கூடும். அசிட்டிலீன் தோம்பைப் படுக்க வைத்துப் பயன்படுத்தலாகாது. அதனைப் பயிற்சி பெற்றவர்களிடமே விட்டுவிடுவோம்.

3. மின் வெல்டிங் கருவி

மூன்று மில்லி மீட்டர் தடிப்புள்ள கோண இரும்பு, கதவுச் சட்டம், தள்ளுவண்டி ஆகியவற்றிற்குக் குச்சி வெல்டிங் கருவி ஏற்றது. பழைய கருவிகள் இருவர் தூக்கும் பாரமுடையவை. இக்காலத்து இன்வெர்ட்டர் கருவியோ ஒரு கையால் தூக்கிச் செல்லும் அளவே உள்ளது. அதன் மின்வில்லும் சீராக எரியும். புதிதாகப் பழகுவோர்க்கு அதுவே நலம்.

கடையில் “200 ஆம்பியர், 250 ஆம்பியர்” என்று பெரிய எண்களைக் காட்டுவார்கள். அவ்வெண்ணைக் கண்டு மயங்க வேண்டா. ஒரு சிறு கணக்குப் போடுவோம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மூன்று முனைச் செருகியின் எல்லை 13 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 2,990 வாட் கிடைக்கிறது. மின்வில்லில் 200 ஆம்பியர் பாயும்போது அழுத்தம் சுமார் 28 வோல்ட்; தேவைப்படும் ஆற்றல் 5,600 வாட். வீட்டுச் செருகி தருவதைப்போல ஏறத்தாழ இருமடங்கு! அந்த ஆற்றல் எங்கிருந்து வரும்? உருகி எரியும், அல்லது சுவருக்குள் உள்ள பழைய கம்பி எரியும்.

மாறாக, 2.6 மி.மீ. குச்சிக்கு 70 முதல் 90 ஆம்பியர் போதும். 80 ஆம்பியரில் மின்வில்லுக்குச் சுமார் 1,850 வாட் தேவை. கருவியின் இழப்பையும் சேர்த்தால் செருகியின் எல்லையை நெருங்கிவிடும். வாங்குமுன் கருவியின் பின்புறத் தகட்டில் எழுதியுள்ள உள்வாங்கும் மின்னோட்டத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். அது 13 ஆம்பியரை மிஞ்சினால், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு தனி இணைப்பு அமைக்காமல் அக்கருவியை இயக்கலாகாது. வீடு தோட்ட நிருவாகத்துக்கு உரியதாயின் முன் அனுமதியும் பெற வேண்டும்.

தகட்டில் காண வேண்டிய மற்றோர் எண் விழுக்காடு. 100 ஆம்பியரில் 60 விழுக்காடு என்றிருந்தால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஒட்டலாம். நான்கு நிமிடம் கருவியை ஆறவிட வேண்டும் என்பது பொருள். பொழுதுபோக்கு வேலைக்கு இது தாராளம்.

இரண்டு மில்லி மீட்டருக்கும் மெல்லிய தகட்டில் புதியவர் குச்சியை வைத்தால் ஓட்டைதான் விழும். அத்தகைய வேலை மிகுதியாக உள்ளவர்கள் கம்பிச்சுருள் வெல்டிங் கருவியை நாடலாம். அதிலும் மருந்து உள்ளடங்கிய கம்பியைப் பயன்படுத்தும் வகைக்கு வாயுத் தோம்பு தேவையில்லை; திறந்த வெளியில் காற்று வீசினாலும் வேலை கெடாது.

4. செய்யத் தகாதவை

ஒன்று: வெறுங்கண்ணால் மின்வில்லைப் பார்க்கலாகாது. அதன் புறஊதாக் கதிர் கண்ணின் மேற்பரப்பைச் சுட்டுவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணலை வாரிக் கொட்டியதுபோல் வலிக்கும். மறுநாள் விடியலில் பெரட்டுக்குச் செல்வது எங்ஙனம்? ஒரு நாள் சம்பளமும் போய்விடும். 10 அல்லது 11 எனக் கருமை எண் இட்ட முகக்கவசம் அணிக; வெயிற்கண்ணாடி இதற்கு உதவாது. ஒளியைக் கண்டால் வரிசை வீட்டுப் பிள்ளைகள் கூடிவிடுவர். அவர்களுக்குக் கவசம் இல்லை. தட்டி ஒன்றை நிறுத்தி மறைத்தபின்னரே வேலையைத் தொடங்குக.

இரண்டு: டீசல், மண்ணெண்ணெய், சாயம், களைக்கொல்லி இருந்த தோம்பில் சுடரோ மின்வில்லோ படலாகாது. கழுவிக் காயவைத்தாலும் மடிப்புகளில் ஆவி தங்கியிருக்கும். வெடித்தால் வெடிகுண்டுக்கு நிகராகும். “குப்பைத் தொட்டி செய்யலாம்” என்றெண்ணித் தோம்பை வெட்டியவர்கள் உயிரிழந்த செய்திகள் பல நாடுகளிலிருந்தும் வந்துள்ளன.

மூன்று: துத்தநாகம் பூசிய கூரைத் தகட்டைச் சூடாக்கினால் வெண்புகை எழும். அதனைச் சுவாசித்தால் அன்றிரவு குளிரும் காய்ச்சலும் காணும். பால் குடித்தால் முறிந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. பூச்சை நீக்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்வதே வழி.

நான்கு: மழை பெய்த ஈரத் தரையில் நின்று மின் வெல்டிங் செய்யலாகாது. நம் வட்டாரத்தில் பிற்பகல் மழை புதிதன்று. உலர்ந்த பலகை மீது, தோற்காலணியும் உலர்ந்த கையுறையும் அணிந்து நிற்க வேண்டும். மின்கசிவுத் துண்டிப்பான் விழுந்தால் அது தொல்லை தருகிறது என்று எண்ணலாகாது. அது உங்கள் உயிரைக் காக்கிறது.

ஐந்து: பால்வெட்டுக் கத்தியைச் சுடரில் காட்டலாகாது. பதமேற்றிய எஃகு செந்நிறமாகும்வரை சூடேறினால் பதம் கெட்டுவிடும். பிறகு கூர்மை நில்லாது. மோட்டார் சைக்கிளின் சட்டம், பிரேக் பாகங்கள் ஆகியவற்றையும் பழகுநர் தொடலாகாது. அங்கே ஓர் ஒட்டு விட்டுப்போனால் சாலையில் உயிர் போகும்.

5. முடிவாக

செம்பு, பித்தளை, நுண்ணிய வேலை எனில் ஊதுவிளக்கும் தீச்செங்கற்களும் வாங்குக. கோண இரும்பும் சட்டமும் எனில் வீட்டுச் செருகிக்குள் அடங்கும் சிறிய இன்வெர்ட்டர் கருவியை வாங்குக. எதுவாயினும், கவசம், கையுறை, காலணி, தீயணைப்பான் ஆகியவற்றிற்கு உரிய பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய தொகைக்கு ஏற்ற கருவியைத் தேடுக. கருவிக்கே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுக் கவசத்தை அடுத்த மாதத்திற்குத் தள்ளிவைப்பவர், அடுத்த மாதம்வரை கருவியைத் தொடாமலிருப்பதே நன்று.

பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்ட இந்நாளில், கையில் ஒரு தொழில் இருப்பது குடும்பத்துக்கு ஊன்றுகோலாகும். தேசிய மொழியில் கிம்பாலான் எனப்படும் இத்தொழிலை முறையாகக் கற்றால் மலேசியத் திறன் சான்றிதழும் பெறலாம். மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சி நிலையங்களுள் ஒன்று ஈப்போவில் உள்ளது. பள்ளி முடித்த பிள்ளைகள் உள்ள பெற்றோர், அங்கு நடைபெறும் பயிற்சிகளைக் கேட்டறிந்து பயன்பெறுவார்களாக.

மீள்பார்வை வினாக்கள்

1. பற்றவைத்தலுக்கும் வெல்டிங்கிற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பற்றவைக்கையில் இடுக்கு ஏன் குறுகியதாக இருக்க வேண்டும்?
3. 90 ஆம்பியர், 24 வோல்ட் உள்ள மின்வில்லுக்குத் தேவையான ஆற்றல் எத்தனை வாட்? வீட்டுச் செருகி அதனைத் தாங்குமா?
4. பழைய டீசல் தோம்பு ஒன்றை வெட்டித் தருமாறு அண்டை வீட்டார் கேட்கிறார். நீங்கள் கூறும் மறுமொழி என்ன?

வினாக்களைக் குடும்பத்தாருடன் கலந்து பேசி விடை காண்க. நான்காம் வினாவின் விடையைப் பிள்ளைகளும் அறிந்திருத்தல் வேண்டும்.