சங்கச் சந்தா எதற்கு?

தாராபுரம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா நடத்திய மெஸ்ஸை இனி நீயே பார்த்துக்கொள்ளப் போகிறாய் என்று தெரிந்ததில் மகிழ்ச்சி. கூடவே ஒரு கேள்வியும் எழுதியிருந்தாய். ஹோட்டல் சங்கத்துக்கு வருடா வருடம் சந்தா கட்டி என்ன கண்டோம்? ஒரு நாள் பொதுக்குழு, சால்வை, சாப்பாடு, குரூப் போட்டோ, இதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது? கேட்க வேண்டிய கேள்விதான். பதில் கொஞ்சம் நீளும்.

தாராபுரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளையே எடுத்துக்கொள். விடிகாலையில் அடுப்பைப் பற்றவைப்பவர், காய்கறி வாங்கப் போகிறவர், பரோட்டா மாஸ்டர் வராத அன்று ஆள் தேடி அலைபவர், ராத்திரி கல்லாவை எண்ணி முடிப்பவர் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள், முதலாளிதான். கலெக்டர் அலுவலகம் இருப்பது சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, திருப்பூரில். ஒரு மனு கொடுத்துவிட்டு வருவதற்குள் அன்றைய மதிய வியாபாரம் போய்விடும். 1990-ல் தொடங்கிய திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் டெல்லி வரை போய்ப் பேசுகிறது என்றால், அதன் உறுப்பினர்களிடம் கணக்குப் பார்க்கவும் கடிதம் எழுதவும் ஆட்கள் இருக்கிறார்கள். மெஸ்காரருக்கு யார் இருக்கிறார்கள்? சட்டம் மாறினால் அவருக்கு வந்து சொல்லவும், அந்தச் சட்டத்தால் கடையில் என்ன நடக்கிறது என்பதை மேலே போய்ச் சொல்லவும் ஒரு அமைப்பு வேண்டும். ஹோட்டல் சங்கத்தின் வேலை அடிப்படையில் இவ்வளவுதான்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஊரறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2024 செப்டம்பர் 11 அன்று கோவை கொடிசியா அரங்கில் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தொழில்துறையினரைச் சந்தித்தார். அன்னபூர்ணா ஹோட்டல் குழுமத்தின் சீனிவாசன் ஹோட்டல்காரர்கள் சார்பில் எழுந்தார். இனிப்புக்கு 5 சதவீதம், காரத்துக்கு 12 சதவீதம், வெறும் பன்னுக்கு வரியே இல்லை, அதற்குள் க்ரீம் வைத்தால் 18 சதவீதம். ஒரு குடும்பம் வந்து எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டுப் போனால் பில் போடும் கம்ப்யூட்டரே திணறுகிறது, பன்னைத் தனியாகவும் க்ரீமைத் தனியாகவும் கொடுங்கள் என்று வாடிக்கையாளர்களே கேட்கிறார்கள் என்றார். அரங்கம் சிரித்தது. பிறகு அவர் அமைச்சரை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்கும் வீடியோ வெளியாகி, அது பெரிய அரசியல் சண்டையாக மாறியது. அந்த வீடியோ வெளியானதற்கு பாஜக மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலையே வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

சண்டையை விடு. அந்தக் கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்பதுதான் நீ கவனிக்க வேண்டியது. வரி அதிகம், வாழ முடியவில்லை என்று பொதுவாகப் புலம்பியிருந்தால் அடுத்த நாளே மறந்துபோயிருக்கும். அவர் கொண்டுபோனது ஒரு பில். எந்தப் பண்டத்துக்கு எத்தனை சதவீதம், அது கவுன்டரில் என்ன தொல்லை தருகிறது என்பதை ஒரு பன்னை வைத்து நாடு முழுவதற்கும் புரியவைத்துவிட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி போன்ற பேக்கரிப் பண்டங்களுக்கான வரி 18-லிருந்து 5 சதவீதமாகவும், மிக்சர் போன்ற கார வகைகளுக்கு 12-லிருந்து 5 ஆகவும் குறைந்தது. அந்த ஒரு கேள்வியால்தான் இது நடந்தது என்று சொல்வது சரியாகாது. ஆனால் இப்படிப்பட்ட குறையைக் கடைக்கடையாகத் திரட்டி, அதிகாரியோ அமைச்சரோ மறுக்க முடியாத விதத்தில் முன்வைப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஜிஎஸ்டி வருவதற்கு முன்பே, 2017 மே 30 அன்று, தமிழ்நாட்டு ஹோட்டல்கள் ஒரு நாள் கடையடைப்பு நடத்தின. ஜூலை 1-ல் வரி அமலானபோது ஏசி இல்லாத ஹோட்டலுக்கு 12 சதவீதம், ஏசி ஹோட்டலுக்கு 18. நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது. நவம்பரில் குவாஹாட்டியில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், நட்சத்திர விடுதிகள் நீங்கலாக, மற்ற ஹோட்டல்களுக்கு அதை 5 சதவீதமாக்கியது. எல்லோரும் வெற்றி என்றார்கள். ஆனால் சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி அதோடு போய்விட்டது. 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டரின் அடக்க விலை 1,800 ரூபாய் என்று வைத்துக்கொள். 18 சதவீதத்தில் 324 ரூபாய் வரி. அந்த 324 உன் செலவுதான், எங்கும் கழிக்க முடியாது. தோசை விலையை நிர்ணயிக்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்கிற கடைக்காரர்கள் குறைவு. அதேபோல, ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருந்து காம்போசிஷன் என்ற எளிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால், 5 சதவீத வரியை நீதான் கட்ட வேண்டும். பில்லில் வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. இதை உறுப்பினர்களுக்கு ஒரு பக்கத் தாளில் எளிய தமிழில் அச்சிட்டுக் கொடுக்காத சங்கம் கடையடைப்பு மட்டும் நடத்திப் பயனில்லை.

எண்ணெய் விஷயமும் இப்படித்தான். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் விதி. பஜ்ஜி போட்ட எண்ணெயைக் கீழே ஊற்ற மனசு வராத கடைக்காரருக்கு, அதை பயோடீசல் தயாரிப்பவர்கள் காசு கொடுத்து வாங்கிப் போவார்கள் என்று சொல்லி, கடைகளிலிருந்து சேகரித்து அனுப்ப ஏற்பாடு செய்தால் அபராதமும் மிச்சம், சாப்பிடுகிறவர் உடம்புக்கும் நல்லது. 2019 ஜனவரி 1-ல் பிளாஸ்டிக் தடை வந்தபோது பார்சல் கட்ட என்ன செய்வது என்று எல்லா ஊரிலும் திண்டாட்டம். வாழை இலையும் பாக்குமட்டைத் தட்டும் மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும். பத்துக் கடை சேர்ந்து வாங்குவதற்குக்கூட யாராவது ஒருவர் போன் போட வேண்டும்.

இப்போது நாமக்கல். நம்மைப் போன்ற ஊர்தான், பெருநகரம் இல்லை. 2025 ஜூலை 1 முதல் ஸ்விக்கி, சொமேட்டோ செயலிகள் வழியாக உணவு கொடுப்பதில்லை என்று அந்நகர ஹோட்டல் உரிமையாளர்கள் அறிவித்தார்கள். கமிஷன் 35 சதவீதம் வரை போகிறது, விளம்பரக் கட்டணமும் தள்ளுபடியும் தங்கள் தலையில் விழுகின்றன என்பது அவர்கள் குறை. ஒற்றைக் கடை விலகினால் அந்தச் செயலிக்கு ஒரு பெயர் குறையும், அவ்வளவுதான். ஊரே விலகினால் பேச்சுவார்த்தைக்கு வரத்தான் வேண்டும். அகில இந்திய அளவில் தேசிய உணவக சங்கம் இதே பிரச்சினையைப் போட்டி ஆணையத்துக்குக் கொண்டுபோய், 2022 ஏப்ரலில் விசாரணைக்கு உத்தரவும் பெற்றது. டெல்லியில் வழக்கு நடத்துவதற்கும் நாமக்கல்லில் ஒரே நாளில் செயலியை அணைத்து வைப்பதற்கும் நடுவில் நிறைய தூரம். இரண்டாவதைச் செய்ய ஒருவரையொருவர் நம்ப வேண்டும், அதுதான் கஷ்டம்.

அதே நாமக்கல்லில் 2023 செப்டம்பரில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனாள். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு ஓராண்டு தடை போட்டது. இத்தகைய நேரத்தில் சங்கம் யார் பக்கம் நிற்கிறது என்பதை வைத்துத்தான் ஊர் அதை எடைபோடும். தப்புச் செய்த கடைக்காக அதிகாரியிடம் பரிந்து பேசினால், ஒழுங்காக நடத்தும் கடைக்காரரின் பேரையும் சேர்த்துக் கெடுப்பதாகிவிடும். சமையலறைக்குள் போய் ஃப்ரீசரையும் கறி வைத்திருக்கும் டப்பாவையும் பார்த்து, இதைக் கொட்டு என்று சொல்ல அதிகாரிக்கு முன்னால் சங்கத்துக்காரர் வர வேண்டும்.

சங்கம் செய்யக் கூடாத வேலையும் உண்டு. 2025 செப்டம்பர் 1 முதல் டீ 15 ரூபாய் என்று சென்னை டீக்கடைக்காரர்கள் சேர்ந்து விலைப்பட்டியல் வெளியிட்டது நினைவிருக்கும். ஊரில் எல்லோரும் பழகிய வழக்கம்தான். ஆனால் போட்டியாளர்கள் கூடிப் பேசி ஒரே விலை வைப்பதை 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு ஏற்காது. பால் விலை, கேஸ் விலைக் கணக்கை எல்லோருக்கும் எடுத்துக்காட்டலாம். உன் இட்லிக்கு என்ன விலை என்பது உன் முடிவாகவே இருக்கட்டும். சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வசூலிக்கும் உரிமை கேட்டு தேசிய அமைப்புகள் தொடுத்த வழக்கும் 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தோற்றது. சாப்பிட வருகிறவரை எதிர்க்கட்சியாக்கிக்கொண்டு சங்கம் நடத்த முடியாது.

ஆகவே சந்தாவைக் கட்டு, கட்டிவிட்டுச் சும்மா இராதே. இந்த வருடம் எத்தனை மனு கொடுத்தீர்கள், எதற்குப் பதில் வந்தது என்று பொதுக்குழுவில் எழுந்து கேள். வரவு செலவுக் கணக்கைக் கேள். உணவு பாதுகாப்பு லைசென்ஸ் முகாமைத் தாராபுரத்திலேயே நடத்தச் சொல். தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடந்து வரும் கூட்டம் நம் ஊர் வழியாகப் போகும்போது ராத்திரியில் கடை திறந்து வைக்க அனுமதி, கழிவறை, குப்பை அள்ளுவது பற்றி நகராட்சியிடமும் போலீசிடமும் முன்கூட்டியே பேசச் சொல். வீட்டுத் திண்ணையில் இட்லிக்கடை போட்டிருக்கும் அக்காமாரில் ஒருவர்கூட உறுப்பினராக இல்லையென்றால், அடுத்த கூட்டத்துக்கு அவர்களில் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
அண்ணன்