தசமக் கணக்கு: முழுதாக்குவது ஒரே ஒரு முறைதான்

நம் உறுப்பினர்களின் பிள்ளைகளும், நம் கடைகளில் வேலை பார்த்துக்கொண்டே அரசுத் தேர்வுக்குப் படிக்கும் தம்பிமார்களும் பயன்பெற வேண்டும் என்பதற்காக இந்தப் பாடம். படித்து முடித்தால் கல்லாவில் உட்காரும் நமக்கும் இதில் பாடம் உண்டு என்பது தெரியும்.

எங்கள் கடையில் பில் போடும் தம்பி டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார். அந்தத் தேர்வின் 200 வினாக்களில் 25 வினாக்கள் கணக்கும் திறனறிவும். வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண். ஒருநாள் மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் மாதிரி வினாத்தாளை என்னிடம் நீட்டினார்.

“6.2475 என்பதை ஒரு தசம இடத் திருத்தமாக எழுதுக. (அ) 6.0 (ஆ) 6.2 (இ) 6.25 (ஈ) 6.3.”

“அண்ணாச்சி, 6.3 தானே? நான் போட்டது தப்புன்னு விடைத்தாள்ல இருக்கு” என்றார். எப்படிப் போட்டார் என்று கேட்டேன். கடைசி 5-ஐப் பார்த்து 6.248 ஆக்கினாராம். பிறகு 8-ஐப் பார்த்து 6.25. பிறகு 5-ஐப் பார்த்து 6.3. ஒவ்வொரு படியும் விதிப்படி சரிதான். ஆனால் விடை தவறு. சரியான விடை 6.2.

எப்படி என்று பார்ப்போம்.

விதி என்ன?

1. எந்த இடம் வரை வேண்டும் என்று வினா கேட்கிறதோ, அந்த இலக்கத்தின் கீழ் ஒரு கோடு போடுங்கள்.

2. அதற்கு வலப்பக்கம் அடுத்துள்ள ஒரே ஓர் இலக்கத்தை மட்டும் பாருங்கள்.

3. அது 5 அல்லது அதற்கு மேல் என்றால் கோடிட்ட இலக்கத்தோடு 1 கூட்டுங்கள். 4 அல்லது அதற்குக் கீழ் என்றால் அப்படியே விடுங்கள். கோட்டுக்கு வலப்பக்கம் உள்ள தசம இலக்கங்களை எல்லாம் நீக்கிவிடுங்கள்.

6.2475-இல் கோடு 2-இன் கீழ். அடுத்த இலக்கம் 4. எனவே 6.2. அதற்குப் பின்னால் 75 இருந்தாலும் 99 இருந்தாலும் கவலை இல்லை. 6.2475 என்பது 6.25 என்ற நடுப்புள்ளியைத் தாண்டவில்லை, ஆகவே 6.3-ஐ விட 6.2-க்குத்தான் பக்கம். தம்பி இடையில் இரண்டு முறை மேலே தூக்கிவிட்டதால் எண் நடுப்புள்ளியைத் தாண்டிவிட்டது.

இந்தத் தவறு பலருக்கும் வரும் என்பதை வினா எடுப்பவர் அறிவார். அதனால்தான் 6.3 விடைப் பட்டியலில் காத்திருக்கிறது. நாம் போட்ட விடை பட்டியலில் இருப்பதாலேயே அது சரியாகிவிடாது.

தேர்வில் சறுக்கும் மற்ற இடங்கள்

ஒன்பது வந்தால்: 19.996-ஐ இரண்டு தசம இடத் திருத்தமாக எழுதினால் 20.00. இரண்டாம் தசம இடத்து 9-உடன் ஒன்று கூட்டும்போது ஒன்று இடப்பக்கம் ஏறிக்கொண்டே போகும். விடையை 20 என்று எழுதி நிறுத்தக் கூடாது. கேட்டது இரண்டு இடம். அந்த இரண்டு பூச்சியங்களும் நூறில் ஒரு பங்கு வரை பார்த்துச் சொன்னேன் என்பதற்குச் சாட்சி.

சூழ்நிலைக் கணக்கு: 130 கிலோ அரிசியை 25 கிலோ பைகளில் கட்ட எத்தனை பை வேண்டும்? வகுத்தால் 5.2. விதிப்படி 5 என்று எழுதினால் 5 கிலோ அரிசி தரையில் கிடக்கும். விடை 6. ஆனால் 130 ரூபாய்க்கு 25 ரூபாய் நோட்டு எத்தனை வாங்கலாம் என்றால் விடை 5. வகுத்தல் ஒன்றே, விடை வேறு. கடையில் நின்ற பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தோராய மதிப்பு: 49.87 × 20.12 எவ்வளவு என்று கேட்டு, விடைகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருந்தால், முழுப் பெருக்கல் தேவையில்லை. 50 × 20 = 1000. அதற்குப் பக்கத்தில் உள்ளதைக் குறியுங்கள். சரியான பெருக்குத் தொகை 1003.3844. விடைகள் நெருங்கி இருந்தால் மட்டும் முழுதாகப் பெருக்குங்கள்.

இடையில் முழுதாக்காதீர்கள்

எல்லாவற்றையும் விட முக்கியமானது இதுதான். தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தபோது என் தவறு ஒன்றையும் சொன்னேன்.

ஒரு கல்யாண வீட்டுக்கு 60 தேங்காய் கேட்டார்கள். மூன்று தேங்காய் 125 ரூபாய் என்று பேசியிருந்தேன். ஒரு காய்க்கு 41.666... ரூபாய் வருகிறது. அவசரத்தில் அதை 42 ஆக்கி, 60-ஆல் பெருக்கி 2,520 ரூபாய் என்று பில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் வீட்டுப் பெரியவர் வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர். “மூணு காய் கொண்ட கூறு இருபது. இருபது நூத்தி இருபத்தஞ்சு எவ்வளவு தம்பி?” என்று மட்டும் கேட்டார். 2,500. இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். நான் ஏமாற்றவில்லை என்று அவருக்கு எப்படி நிரூபிப்பது? ஒரு காயில் 33 பைசாதான் ஏற்றினேன். அது அறுபது மடங்காகி என் பெயரில் வந்து நின்றது.

தேர்வு வினாவும் இதே போலத்தான் வரும். முதலில் பெருக்குங்கள், பிறகு வகுங்கள், கடைசியில் மட்டும் முழுதாக்குங்கள்.

வரிக் கணக்கிலும் இதைக் கவனிக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் 170-ஆம் பிரிவு, வரித் தொகையை அருகிலுள்ள ரூபாய்க்கு முழுதாக்கச் சொல்கிறது: 50 பைசாவும் அதற்கு மேலும் ஒரு ரூபாய்; அதற்குக் கீழ் விட்டுவிட வேண்டும். ஐந்து சரக்குக்குத் தலா 2.40 ரூபாய் வரி என்றால் மொத்தம் 12 ரூபாய். ஒவ்வொரு வரியாக முழுதாக்கினால் 10 ரூபாய்தான் வரும். தலா 2.60 என்றால் மொத்தம் 13. வரிக்கு வரி முழுதாக்கினால் 15. ஒரு பில்லில் இரண்டு ரூபாய். ஒரு வருடத்துப் பில்களில் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

அணா சொல்லும் பாடம்

1957 ஏப்ரல் 1 அன்று நம் நாட்டில் தசம நாணயம் வந்தது. 16 அணா கொண்ட ரூபாய் 100 நயா பைசா ஆனது. ஓர் அணாவுக்கு 6.25 பைசா, கால் பைசா இல்லாததால் 6 என்று கொண்டார்கள். இரண்டு அணா 12.5, அதற்கு 12. பாதி வந்தால் கீழே இறக்குவது அந்த நாணய மாற்றின் விதி. இன்று பாடப்புத்தக விதி பாதியை மேலே ஏற்றுகிறது. ஆகவே வினாவில் தனி விதி தந்திருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

ஓரணாச் சாமான் பதினாறு விற்ற வியாபாரி, ஒவ்வொன்றாக 6 பைசா வாங்கினால் 96 பைசா. மொத்தமாகக் கணக்கிட்டு வாங்கினால் முழு ரூபாய். நாலு பைசா எங்கே போயிற்று என்று நம் முன்னோர் தேடிய அதே கேள்விதான் இன்று தேர்வுத் தாளில் தசமமாக வருகிறது.

பயிற்சி

1. 14.738 – ஒரு தசம இடத் திருத்தமாக எழுதுக.
2. 0.0952 – இரண்டு தசம இடத் திருத்தமாக எழுதுக.
3. 9.4496 – அருகிலுள்ள முழு எண்ணுக்கு எழுதுக.
4. 7 மீட்டர் துணி 500 ரூபாய் எனில் 35 மீட்டர் எவ்வளவு?
5. 100 லிட்டர் எண்ணெய். 15 லிட்டர் டின்கள். முழுதாக நிரம்பும் டின் எத்தனை? எண்ணெய் முழுவதையும் ஊற்ற டின் எத்தனை வேண்டும்?

விடைகள்: 1) 14.7 2) 0.10 3) 9 4) 2,500 ரூபாய் 5) 6 டின், 7 டின்.

மூன்றாவது கணக்கில் 10 என்று போட்டவர்கள் மேலே சொன்ன விதியை மறுபடி ஒரு முறை படியுங்கள். நான்காவதில் 2,485 என்று போட்டவர்கள் என் தேங்காய்க் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தம்பி ஐந்தையும் சரியாகப் போட்டுவிட்டார். இப்போது பில் போடும்போதும் மொத்தத்தைக் கூட்டிய பிறகுதான் பைசாவில் கை வைக்கிறார்.