விலையில்லா லினக்ஸும் விலையுள்ள தரவுத்தளமும்

ஆங்கிலத்திலே ‘பிறீ’ என்னுஞ் சொல் இருபொருள் தருவது. தமிழோ விலையின்மையை இலவசம் என்றும், கட்டின்மையைக் கட்டற்றது என்றும் வேறுபிரித்து வழங்கும். லினக்ஸ் பற்றிய மயக்கங்களுட் பல அவ்வொரு சொல்லிலே தோன்றியவை. 1991ஆம் ஆண்டிற் பின்லாந்து மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் வெளியிட்ட அப் பணிசெயல் முறைமையின் கரு, 1992இற் குனூ பொது உரிமத்தின்கீழ் வந்தது. அவ்வுரிமம் மூலநிரலை மறைத்தலை விலக்குமேயன்றி விலைபெறுதலை விலக்காது.

இனி, ஒராக்கிள் என்னும் வணிகத் தரவுத்தளத்தை நிறுவ விழைவார் லினக்ஸின் எப்பதிப்பைத் தேர்தல் வேண்டும்? றெட்ஹற், சூசே ஆகியவற்றின் தொழில்முறைப் பதிப்புகளும் ஒராக்கிள் லினக்ஸும் அதற்குச் சான்றளிக்கப்பட்டவை. சென்ற்ஓஎஸ் அப்பட்டியலில் இடம்பெற்றதில்லை. 2004 முதல் வெளிவந்த அவ்விலவசப் பதிப்பு, றெட்ஹற்றின் மூலநிரலை எடுத்து, வணிகச் சின்னங்களை நீக்கி, மீளத் தொகுக்கப்பட்டது. ஆகலின் தரவுத்தளம் அதன்மேல் இயங்கவே செய்யும். இயங்குதல் வேறு, இயங்காதவிடத்துப் பொறுப்பேற்பார் உளராதல் வேறு. வங்கியொன்றின் கணக்கு நள்ளிரவிற் பழுதுற்று உதவி கோருமிடத்து, ‘சான்றளித்த முறைமையில் இப்பழுதைத் தோற்றுவித்துக் காட்டுக’ என விடை வரக்கூடும். தரவுத்தள உரிமத்திற்குப் பெரும்பொருள் ஈந்தவர் ஈண்டுச் சிக்கனம் பார்த்தல், மாடிவீடு கட்டி அத்திவாரத்திற் சீமெந்தைக் குறைப்பதை ஒக்கும்.

இலவசப் பதிப்பின் ஆயுளும் பிறர் கையிலேயே உள்ளது. 2029 வரை பேணப்படும் என நம்பப்பட்ட சென்ற்ஓஎஸ் 8, 2021 முடிவோடு நிறுத்தப்படும் என 2020 டிசெம்பரில் அறிவிக்கப்பட்டது. அதனை நம்பி நிறுவியோர் ஓராண்டினுள் வேறிடம் பெயரவேண்டியவராயினர். றொக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் என்பன 2021இல் அவ்விடத்தை நிரப்ப எழுந்தன. 2023இலோ றெட்ஹற் தன் மூலநிரலைப் பொதுவில் வெளியிடும் முறையையுஞ் சுருக்கிற்று.

நிற்க. விலையில்லாதன யாவுஞ் சான்றில்லாதன எனக் கொள்ளற்க. 2006இல் தோன்றிய ஒராக்கிள் லினக்ஸைப் பெறுதற்கும் புதுப்பித்தற்கும் விலையில்லை; உதவிச் சேவைக்கே கட்டணம். பகிர்நினைவகம் முதலிய அளவுகளைத் தரவுத்தளத்திற்கு ஏற்பத் தானே அமைக்கும் பொதியொன்றும் அதனுடன் கிடைக்கின்றது. எனினும் கூரையையும் அத்திவாரத்தையும் ஒரே வணிகரிடம் பெற்றவர்க்குப் பின்னர் விலைபேசும் வலி குன்றும் என்பது என் கருத்து.

கற்கும் மாணவர்க்கு இத்தொல்லைகள் இல. 2023இல் வெளிவந்த ஒராக்கிளின் இலவசத் தரவுத்தளப் பதிப்பு 12 கிகாபைற் தரவையும் 2 கிகாபைற் நினைவகத்தையும் எல்லையாக உடையது. பயிற்சிக்கு அது போதும்.