புளியங்கொட்டை சொல்லும் பாடம்: வகுப்பறையில் ஒரு நாடகம், ஒரு விவாதம்

"மூணாவதும் பொட்டப்புள்ளையா? எல்லாம் இவ ராசி!"

தருமபுரிப் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. பெண் சிசுக்கொலைக்கு எதிராக 1990-களின் பிற்பகுதியில் இம்மாவட்டத்தில் கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகப் போய் வீதி நாடகம் போட்டன. அந்த வழியை அறிவியல் ஆசிரியர்கள் வகுப்பறைக்கும் கொண்டுவரலாம். செலவு, இரண்டு மஞ்சப்பையும் ஒரு பிடி கொட்டையும்தான்.

மாமியார், மருமகள், மகன், கிராம சுகாதார செவிலியர் என நான்கு பாத்திரங்கள் போதும். மருமகள் பையில் முழுக்கப் புளியங்கொட்டை. அது எக்ஸ் குரோமோசோம். மகன் பையில் பாதி புளியங்கொட்டை, பாதி மொச்சை, மொச்சைதான் ஒய். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பையிலும் ஒவ்வொன்று எடுக்கும்படி மாமியாரிடம் செவிலியர் சொல்வார். இரண்டும் புளியங்கொட்டை என்றால் பெண். மொச்சை வந்தால் ஆண். பத்துத் தடவை எடுத்த பிறகு, "இவகிட்ட மொச்சையே இல்லியே, அப்புறம் எப்படித் தருவா?" என்று மாமியாரே கேட்பதுபோல் காட்சியை அமையுங்கள். பழியை மகன் தலையில் தூக்கி வைத்துவிடக் கூடாது. அவனும் பார்த்து எடுப்பதில்லையே!

"நாலு பொண்ணுக்கப்புறம் அஞ்சாவது பையன்தானே சார்?" என்று யாராவது கேட்பார்கள். எடுத்ததைத் திரும்பப் பையில் போட்டுவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அப்போதும் வாய்ப்பு பாதிதான்.

அடுத்தது கணக்கு. இயற்கையில் 1000 ஆண் குழந்தைகளுக்குச் சுமார் 950 பெண் குழந்தைகள் பிறக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 87,777. பெண் குழந்தைகள் 80,163. வகுத்துப் பார்த்தால் 1000-க்கு 913. மீதிப் பேர் எங்கே போனார்கள்? இந்தக் கேள்வியோடு விவாதத்தைத் தொடங்கலாம்.

"பெண் குழந்தை வேண்டுமா?" என்று தலைப்பு வைக்காதீர்கள். வேண்டாம் என்று பேச ஒரு பிள்ளையை நிறுத்துவதே தவறு. 2016-இல் அப்போதைய மத்திய அமைச்சர் மேனகா காந்தி ஒரு யோசனை சொன்னார்: கருவின் பாலினத்தைக் கண்டறிந்து, பதிவுசெய்து, பிரசவம்வரை கண்காணிக்கலாம் என்று. இதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. இருபக்கமும் பேச இதில் விஷயம் உண்டு. கருவின் குறைபாட்டை அறியவும் அதே ஸ்கேன்தானே? தெரிந்தபின் குடும்பம் தரும் நெருக்கடியை எந்தப் பதிவேடு தடுக்கும்?

1994-ஆம் ஆண்டுச் சட்டம் பாலினத்தைச் சொல்வதையும் கேட்பதையும் தடுக்கிறது. சொல்பவருக்கு முதல் தடவையே 3 ஆண்டு வரை சிறை. கர்ப்பிணியோ, கணவராலும் உறவினராலும் கட்டாயப்படுத்தப்பட்டவர் என்றே கருதப்படுவார். மாணவர்கள் இதைத் தெரிந்துகொண்டு பேசட்டும்.

ஒன்று மட்டும் கவனம். "உங்க வீட்ல எப்படி?" என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்க வேண்டாம். தானாக வந்து ஏதாவது சொன்னால், தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098-ஐ அழைக்கலாம்.